சனிக்கிழமை விளக்கு

அத்தியாயம் 5

ஒரு மனிதனின் பிழைப்பில் மண் போடும் தீர்மானத்தை ஞாயிறு காலை பத்து மணிக்குள் டைப் அடித்து, எழுத்துப் பிழை பார்த்து, மூன்று பிரதியும் எடுத்துவிட்டார் விக்ரம். ஐயப்பன்தாங்கல் 'பசுஞ்சாரல்' அடுக்ககத்துக்கு அவர்தான் சங்கச் செயலாளர். பசுஞ்சாரலில் பசுமையும் கிடையாது, சாரலும் கிடையாது. தண்ணீர் லாரி வரும் நாளில் கொஞ்சம் ஈரம் உண்டு. மாலை ஐந்து மணிக்குக் கூட்டம். அவருடைய டிரைவர் கன்னியப்பன் இனிமேல் அந்த கேட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்பதுதான் தீர்மானம். அதோடு இணைக்க ஒரு துப்பறியும் நிபுணரின் அறிக்கை மட்டும் பாக்கி. லெட்டர்ஹெட்டில் இருந்தால் இன்னும் விசேஷம்.

லெட்டர்ஹெட் வைத்திருந்தவர் மங்களம்.

மங்களத்துக்கு ஐம்பத்தாறு வயது. வாகனக் காப்பீட்டுக் கம்பெனி ஒன்றில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்து, 'மாடு குறுக்கே வந்தது', 'மரம் தானாகச் சாய்ந்தது' என்று வந்த கதைகளையெல்லாம் தரம் பிரித்தவர். இப்போது பூந்தமல்லியில் ஒரு பேட்டரிக் கடை மாடியில் சொந்தமாகத் துப்பறிகிறார். அவருக்கு உதவியாளன், காரோட்டி, காபி வாங்கி வருபவன் எல்லாம் ஜெகன்தான். முப்பத்தெட்டு வயது, முன்னாள் கால் டாக்ஸி. அடுத்த வீட்டு விஷயம் என்றால் அவனுக்கு அல்வா. அதைத் தொழில் ஈடுபாடு என்று சொல்லிக்கொள்வான்.

அவன் கார் பதினாறு வருஷத்துப் பழசு. டாஷ்போர்டில் என்ஜின் விளக்கு ஓயாமல் எரிந்துகொண்டிருந்தது. மனைவியின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து அதன் மேல் ஒட்டினான் ஜெகன். பிரச்சினை தீர்ந்தது.

பசுஞ்சாரலின் கார் நிறுத்துமிடத்து வாசலில் ஓர் அறிவிப்புப் பலகை இருந்தது. ஜெகன் நின்று படித்தான். 'சுற்றறிக்கை எண் 14. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்போம். பூசணிக்காய் உடைத்தல், திருஷ்டி பொம்மை கட்டுதல் முதலியவை வளாகத்துக்குள் தடை செய்யப்படுகின்றன. வாகனங்களுக்கும் இது பொருந்தும். இவண், விக்ரம், செயலாளர்.'

"முதலியவைன்னா இன்னா சார்?"

"எல்லாமேதான்," என்றார் விக்ரம். நாற்பத்திரண்டு வயது, கணினிக் கம்பெனியில் மேனேஜர், கோயம்புத்தூர்ப் பக்கம். ஞாயிற்றுக்கிழமையும் சட்டையை இன் பண்ணியிருந்தார். "அமாவாசைக்கு அமாவாசை கேட்டு முன்னாடி பூசணிக்காய் உடைச்சு, ரெண்டு பைக் வழுக்கி விழுந்துச்சுங்க. எங்க வீட்லயே என் மாமியாருக்குக் கோபம். அஞ்சு மாசமா என்கூடப் பேசறதில்ல."

"அஞ்சு மாசமா?" ஜெகன் குரலில் பொறாமை தெரிந்தது.

விக்ரமின் கைக்கடிகாரம் 'டொய்ங்' என்றது. ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தவர் இன்னும் நிமிர்ந்து நின்றார். "மணிக்கு ஒரு தடவை எழுந்து நிக்கச் சொல்லும்," என்று விளக்கினார். மங்களம் அந்தக் கடிகாரத்தை ஒரு நொடி பார்த்தார். பார்த்ததை ஜெகன் பார்த்தான். ஒன்றும் புரியவில்லை. அது அவனுக்குப் பழக்கம்தான்.

விக்ரமின் கார் சாம்பல் நிற ஜெர்மன் வண்டி. வாங்கி ஏழு மாதம் ஆகிறது. சாவியைத் திருகியதும் உள்ளே மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது. நடுவில் வட்டம், இரு பக்கமும் கோடு.

"வடைக்கு ரெண்டு பக்கமும் அடைப்புக்குறி போட்ட மாதிரி கீது."

"பிரேக் பேட் தேஞ்சிருச்சுன்னு அர்த்தம்."

"தேஞ்சிதா?"

"இல்ல. அதான் பிரச்சினையே." விக்ரம் போனில் ஓர் அட்டவணையைத் திறந்தார். "நாலு வாரம். நாலு சனிக்கிழமை. முதல் தடவை எரிஞ்சப்ப பயந்துபோய் பேடையே மாத்திட்டேன். கழட்டின பேட் புதுசு மாதிரி இருந்துச்சுங்க. அதுக்கப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் எரியும். மெக்கானிக் பார்த்துட்டு, 'சென்சார் பிளக்கு கழண்டிருக்கு'ன்னு மாட்டி விடுவார். அணையும். அடுத்த சனிக்கிழமை மறுபடியும். நேத்து எரிஞ்சது இது."

"யாரைச் சந்தேகப்படறீங்க?" என்றார் மங்களம்.

"சந்தேகமெல்லாம் இல்லைங்க. பார்க்கிங் கேமரா வீடியோவே இருக்கு."

வீடியோவை அடுக்ககத்தின் வாட்ஸாப் குழுவிலும் போட்டிருந்தார். எண்பத்து நாலு பேர் பார்த்திருந்தார்கள். அதில் பாதிப் பேர் கன்னியப்பனை முதல் நாளிலிருந்தே தங்களுக்குப் பிடிக்காது என்று எழுதியிருந்தார்கள். அவர்களில் பத்துப் பேரின் காரைத் தினமும் காலையில் கழுவுவது கன்னியப்பன்தான்.

சனிக்கிழமை காலை ஆறு பத்து. கன்னியப்பன் பக்கெட்டோடு வருகிறார். முன்பக்க இடது சக்கரத்தருகே குந்துகிறார். திடுக்கிட்டுப் பின்வாங்குகிறார். பிறகு சக்கரத்துக்கு மேலே உள்ள இடுக்கில் கையை விட்டு எதையோ வெடுக்கென்று பிடுங்குகிறார். இடது கையால் அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, உடம்பில் படாமல் எட்டப் பிடித்தபடி கேட்டைத் தாண்டிப் போகிறார். வாட்ச்மேன் பின்னாலிருந்து ஏதோ கூப்பிடுகிறார். கன்னியப்பன் திரும்பிப் பார்க்கவில்லை. அரை மணி கழித்து வெறுங்கையோடு வந்து, சட்டையோடு ஒரு பக்கெட் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொள்கிறார்.

"பிளக்கைப் பிடுங்கறான்," என்றார் விக்ரம். "ஏதோ பார்ட்டைக் கழட்டி எடுத்துட்டுப் போறான். வந்து கிரீஸைக் கழுவிக்கறான். மெக்கானிக்கோட கூட்டு. கேட்டா வாயே திறக்கறதில்ல."

"தலையிலயா கிரீஸு?" என்றான் ஜெகன்.

மங்களம் அதற்குள் தரையில் உட்கார்ந்து டார்ச்சை அடித்துச் சக்கரத்தின் உள்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். சுண்டுவிரல் தடிமனில் ஒரு கறுப்பு ஒயர். அதன் நுனியில் இருந்த பிளக் பாதி கழன்று தொங்கியது. ஒயரை விரலால் தடவினார். விரலில் கறுப்பு ஒட்டியது. கைக்குட்டையில் துடைத்தார். எண்ணெய்ப் பிசுக்கே இல்லாமல் தூளாக உதிர்ந்தது.

"ஜெகா, இது என்ன?"

ஜெகன் முகர்ந்து பார்த்தான். "கரி. அடுப்புக் கரி." கண்கள் பளிச்சிட்டன. "யக்கா, புடிச்சுட்டேன். இங்க கரி வெச்சிருக்கற ஆளு ஒரே ஆளுதான். கேட்டாண்ட இஸ்திரி போடறவரு."

"அவர் எதுக்குச் சக்கரத்துக்குள்ள கையை விடணும்?"

"பேடு தேயல, தேயலன்னு எல்லாரும் சொல்லிகினு கீறாங்க. தேய்ச்சுக் குடுக்கலாம்னு வந்திருப்பாரு."

மங்களம் எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டார். விக்ரம் சிரிக்கவில்லை. அவருக்கு அறிக்கை நாலு மணிக்குள் வேண்டும்.

*

கன்னியப்பன் கேட்டுக்கு வெளியே தன் மொபெட் மேல் உட்கார்ந்திருந்தார். நேற்று மதியத்திலிருந்து உள்ளே விடவில்லை. வீட்டுக்குப் போகவும் மனமில்லாமல் விடிந்ததும் வந்து உட்கார்ந்துவிட்டதாக வாட்ச்மேன் சொன்னார். நெமிலிச்சேரிக்காரர், ஐம்பது வயதிருக்கும். மொபெட்டில் துடைக்கும் துணிகள் பத்து மடித்துத் தொங்கின. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு துணி. ஒருவர் வண்டித் துணி இன்னொருவர் வண்டியில் படாது.

"சாயங்காலம் தீர்மானம் போட்டா உங்களுக்கு என்ன ஆகும்?" என்று கேட்டார் மங்களம்.

"சார் வண்டியும் போச்சு, கழுவற பத்து வண்டியும் போச்சு." கன்னியப்பன் தாடையைத் தேய்த்தார். "அத்தோட உடுமா? இந்த குரூப்புல போட்டது அடுத்த குரூப்புக்குப் பூடும். காட்டுப்பாக்கத்துல கேட்டேன். அங்க வாட்ச்மேனே 'நீதானே அந்த வீடியோ'ன்றான்."

"அப்ப சொல்லிட வேண்டியதுதானே. என்னத்தைப் பிடுங்கினீங்க?"

கன்னியப்பன் ஒரு துணியை எடுத்து மறுபடி மடித்தார்.

"சரி, வேற ஒண்ணு கேக்கறேன். தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டீங்களே, சோப்பு போட்டீங்களா?"

கன்னியப்பன் நிமிர்ந்து பார்த்தார். இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. ஜெகனும்தான். "இல்லம்மா."

"பையைக் குப்பைத் தொட்டியில போட்டீங்களா?"

"குப்பைல போடக்கூடாதும்மா." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். "இது ஊட்டு விசயம். அந்த ஊட்டு சோத்தைத் துன்னுகினு வெளிய பேச மாட்டேன். என்னைக் கேக்காதீங்க." பிறகு ஏதோ உறுத்தியவராக, "பெரியம்மா நல்லாக்கீறாங்களா? சாரோட மாமியாரு?" என்றார்.

"ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதாம்மா."

காரில் ஏறியதும் ஜெகன் தொடையில் தட்டினான். "இஸ்திரிக்காரரை வாபஸ் வாங்கிக்கறேன். மாமியார்தான். அஞ்சு மாசமா பேச்சு வார்த்தை கெடையாது. பூசணிக்காய உடைக்க உடல, அதனால மாப்ள வண்டியில கை வெச்சுட்டாங்க."

"மாமியார் பேரு பூங்காவனம். முழங்கால் ஆபரேஷன் ஆனவங்க," என்றார் மங்களம். வாட்ச்மேனிடம் அவர் எப்போது பேசினார் என்று ஜெகனுக்குத் தெரியவில்லை. "சக்கரத்துப் பக்கத்துல குந்த முடியாது."

"ஆளு வெச்சிருப்பாங்க."

"மெக்கானிக் கடைக்குப் போ."

*

ஜெயராமனின் ஒர்க்‌ஷாப் பூந்தமல்லியில், டிரங்க் ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அரை நாள்தான் வேலை. அந்த அரை நாளில் ஆறு வண்டி நின்றது. கன்னியப்பனோடு கூட்டா என்று ஜெகன் நேராகவே கேட்டுவிட்டான்.

"கூட்டு வெச்சா பேடு விக்க வெப்பேன். பிளக்கை மாட்டி விடறதுக்கு எவனாவது கூட்டு வெப்பானா, மாமே?" ஜெயராமன் ஓர் அட்டைப் பெட்டியிலிருந்து பழைய பிரேக் பேடை எடுத்து நீட்டினார். "பாரு. பாதிகூடத் தேயல. மாத்த வேணாம்னுதான் சொன்னேன். விளக்கு எரியுது, மாத்துன்னு சாரு ஒத்தக் கால்ல நின்னாரு. கம்ப்யூட்டர் பொய் சொல்லாதாம்."

"பிளக் எப்படிக் கழண்டிருந்தது?" என்றார் மங்களம்.

"கீழ்ப்பக்கமா இழுத்து. நான் பாத்த மூணு தபாவும் அதே மாதிரி. இந்த சென்சாருக்குப் பேடு தேஞ்சாலும் ஒண்ணுதான், பிளக்கு கழண்டாலும் ஒண்ணுதான். ரெண்டுக்கும் அதே விளக்குதான் போடும். எலியான்னு பாத்தேன். எலின்னா பல்லுத்தடம் இருக்கும். இது எதையோ தொங்க உட்டு, அப்பால அதைப் புடிச்சு இழுத்த மாதிரி கீது." மேஜை டிராயரைத் துழாவினார். "போன வாரம் இது அந்த ஒயர்ல மாட்டிகினு இருந்துச்சு. வண்டில இல்லாத சாமான். எதுக்கும் இருக்கட்டும்னு எடுத்து வெச்சேன்."

மெல்லிய இரும்புக் கம்பி. ஒரு நுனி கொக்கி போல் வளைந்திருந்தது. நடுவில் ஒரு கறுப்புத் துணுக்கு கோத்தபடி ஒட்டிக்கொண்டிருந்தது. அதுவும் கரி.

மங்களம் அதை வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். காப்பீட்டுக் கம்பெனியில் ஒரு கதை பொய்யென்று பிடிபடும்போது அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவாராம். இப்போது கழற்றினார்.

"ஜெகா, பஸ் ஸ்டாண்டுக்கு."

"இங்க இருந்து நடந்தே பூடலாமே."

"திரும்பி வரணும்ல. மணி ரெண்டு ஆகுது."

பூந்தமல்லி பஸ் நிலையத்தருகே நிறுத்த இடம் ஏது? மெட்ரோ தூண் ஒரு பக்கம், தகரத் தடுப்பு ஒரு பக்கம், நடுவில் பஸ். மங்களத்தை இறக்கிவிட்டு ஜெகன் சுற்ற ஆரம்பித்தான். முதல் சுற்றில், தூணோரம் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் முன் மங்களம் குனிந்து நிற்பது தெரிந்தது. பொன்னம்மாள் என்று பெயர். அந்தப் பக்கம் ஆட்டோ ஓட்டும் எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது சுற்றில், பொன்னம்மாள் தன் வலது கையை மட்டும் நீட்டி, ஏதோ நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். மூன்றாவது சுற்றில், இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நாலாவது சுற்றில் ஒரு போலீஸ்காரர் ஜெகனை அடையாளம் கண்டு கையாட்டினார்.

மங்களம் செய்தித்தாள் பொட்டலத்தோடு வந்து ஏறினார். ஜெகன் உள்ளே பார்த்தான். கரித்துண்டு, அதற்குக் கீழே ஓர் எலுமிச்சம்பழம், அதற்குக் கீழே மூன்று பச்சை மிளகாய். எல்லாம் ஒரே இரும்புக் கம்பியில் கோத்திருந்தது.

ஜெகனுக்குப் புரிந்தது. புரிந்த வேகத்தில் ஒரு பஸ்ஸை இடித்திருப்பான். "திருஷ்டிக் கம்பி. மாமியார்தான்னு நான் அப்பவே சொன்னேன். பூசணிக்காய் போனா இன்னா, எலுமிச்சம்பழம்னு மாத்திட்டாங்க. நான் சொன்னதுதானே?"

"ஓட்டு, ஜெகா."

மாமியார் இல்லை என்று அவர் சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. ஜெகன் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, காட்டுப்பாக்கம் வரை விசில் அடித்தபடியே ஓட்டினான்.

*

நாலரை மணி. அதே கார் நிறுத்துமிடம். விக்ரம் கையில் தீர்மானத்தின் மூன்று பிரதிகள். மங்களம் பொட்டலத்தைப் பிரித்து, கோத்த எலுமிச்சம்பழத்தைச் சாம்பல் நிறக் காரின் பானட் மேல் வைத்தார்.

விக்ரமின் முகம் காரின் நிறத்துக்கு வந்தது.

"சார், பதறாதீங்க," என்றான் ஜெகன் பரிவோடு. "உங்க மாமியாருக்கு உங்க மேல பாசம்தான். அதான்..."

"ஜெகா, கொஞ்சம் இரு." மங்களம் குரலை உயர்த்தவில்லை. "சார், வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீங்களேதான் வண்டி ஓட்டுவீங்க. இல்லையா?"

"டிரைவருக்கு லீவு கொடுத்திருவேன். எனக்கும் ஓட்டப் பிடிக்குங்க."

"பூந்தமல்லியில ஒரு அம்மா சொன்னாங்க. வெள்ளிக்கிழமைதோறும் ஒரு சாம்பல் காரு வருமாம். கண்ணாடி கொஞ்சம்தான் இறங்குமாம். ஆள் தெரியாது, கை மட்டும் வெளிய வரும். 'குட்டையா ஒண்ணு, கம்பி மட்டும் நீளமா இருக்கட்டும்'னு கேக்குமாம். அந்தக் கை டொய்ங்னு கத்துமாம். தனக்குத்தான் போன் வருதுன்னு நினைச்சு அந்தம்மா ஒவ்வொரு வாரமும் மடியிலேர்ந்து போனை எடுத்துப் பார்ப்பாங்களாம்."

விக்ரமின் கடிகாரம் அந்த நேரம் பார்த்து அடித்திருந்தால் அழகாக இருந்திருக்கும். அது அடிக்கவில்லை. விக்ரம் மட்டும் அதைக் கையால் பொத்திக்கொண்டார்.

ஜெகன் மெல்ல வாயை மூடினான். காலையிலிருந்து இதுதான் முதல் தடவை.

"புது வண்டிங்க," என்றார் விக்ரம் கடைசியில், தரையைப் பார்த்து. "வாங்கின மாசமே ஒரு கீறல். அடுத்த மாசம் எனக்கு ஜுரம். பார்க்கிறவங்க எல்லாம் 'என்ன விலை, என்ன விலை'ன்னு கேக்கறாங்க. எனக்கு நம்பிக்கை எல்லாம் இல்லைங்க. சும்மா ஒரு பாதுகாப்புக்கு."

"முன்னாடி கட்டியிருக்கலாமே."

"சுற்றறிக்கை பதினாலு." சொல்லும்போதே குரல் இறங்கியது. "வர்ற வழியில ஓரமா நிறுத்தி, ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சா உள்ள ஒரு ஒயர் தெரியும். அதுல மாட்டிருவேன். யாருக்கும் தெரியாது."

"அந்த ஒயர்தான் பிரேக் சென்சார்."

அது அவருக்கு இப்போதுதான் உறைத்தது. கணினிக் கம்பெனி மேனேஜர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"சனிக்கிழமை பார்த்தா பழம் இருக்காதே, அதைப் பத்தி யோசிக்கலையா?" என்றார் மங்களம்.

"திருஷ்டி கழிஞ்சு தானா விழுந்துருச்சுன்னு நினைச்சேன்." சற்றுத் தயங்கி, "வாராவாரம் விழுதே, இவ்வளவு பேர் கண்ணா நம்ம வண்டி மேலன்னு..." மேலே சொல்லவில்லை. அந்தப் பெருமை இன்னும் முழுதாகப் போகவில்லை என்று ஜெகனுக்குப் பட்டது.

"யக்கா, எனக்கு ஒண்ணு புரியல. கன்னியப்பன் அண்ணன் பழத்தைப் பாத்தா சாரண்ட சொல்ல வேண்டியதுதானே? எதுக்கு ஒளிக்கணும்?"

"திருஷ்டிக்குக் கட்டினா எங்க கட்டுவாங்க? நாலு பேர் பார்க்கற இடத்துல. பார்க்கறவன் கண்ணு வண்டி மேல படாம பழத்து மேல படணும், அதுக்குத்தானே அது? யாருக்கும் தெரியாம சக்கரத்துக்குள்ள ஒளிச்சு வெச்சா, பார்க்கறவங்களுக்கு அது என்ன?"

ஜெகன் பானட்டிலிருந்து ஓரடி தள்ளி நின்றான். "சூனியம்."

"அதான் இடது கை. அதான் வாட்ச்மேன் கூப்பிட்டும் திரும்பிப் பார்க்கல. அதான் குப்பையில போடாம ஓடற தண்ணியைத் தேடிப் போனார். வந்து தலை முழுகினார். கமிஷனுக்குப் பிளக்கைப் பிடுங்கறவன் சோப்பு போட்டுக் கையைத்தான் கழுவுவான்." மங்களம் விக்ரமைப் பார்த்தார். "மாமியாரும் மாப்பிள்ளையும் பேசிக்கறதில்லைன்னு அவருக்குத் தெரியும். அவங்கதான் செஞ்சிட்டாங்கன்னு நினைச்சுட்டார். வெளிய சொன்னா குடும்பம் உடையும்னு வாயை மூடிக்கிட்டார். நாலு வாரமா உங்க சூனியத்தை அவர் தலையில வாங்கிக்கிட்டிருக்கார், சார். நீங்க அவருக்குத் தீர்மானம் டைப் அடிச்சிருக்கீங்க."

விக்ரம் தீர்மானத்தின் மூன்று பிரதிகளையும் சுருட்டினார். பிறகு, "அறிக்கையில எலின்னு எழுதிரலாமா?" என்றார்.

"எலி வீடியோவுல இல்ல. கன்னியப்பன்தான் இருக்கார். எண்பத்து நாலு பேர் பார்த்தாச்சு. அந்தக் கை என்னத்தைப் பிடுங்கிச்சுன்னு சொல்லாம அவரைக் காப்பாத்த முடியாது."

அறிக்கையை நீட்டினார். ஒரே பக்கம்தான். லெட்டர்ஹெட்டில்தான்.

*

கூட்டத்துக்கு முப்பது பேர் வந்திருந்தார்கள். வழக்கமாக ஒன்பது பேர் வருவார்கள். ஜெகன் மசால்வடைத் தட்டுக்குப் பக்கத்தில், எல்லோர் முகமும் தெரிகிற மாதிரி நின்றுகொண்டான். கடைசி வரிசையில் கைத்தடியோடு பூங்காவனம் அம்மாள். கேட்டுக்கு வெளியே, மொபெட் மேல், கன்னியப்பன்.

விக்ரம் எழுந்து தொண்டையைச் செருமினார். "என் வண்டி விஷயமா... விசாரணையில... சக்கரத்துக்குள்ள ஒரு அன்னியப் பொருள் இருந்திருக்கு. அதைத்தான் கன்னியப்பன் எடுத்துப் போட்டிருக்கார். அவர் மேல தப்பில்ல."

"என்ன பொருள்?" என்றார் முதல் வரிசையில் தலைவர் கிருபாகரன். ஓய்வு பெற்ற கணக்குத் தணிக்கையாளர். எதையும் சும்மா விடமாட்டார்.

"அது வந்து... எலுமிச்சம்பழம்."

முப்பது பேரும் சேர்ந்து அமைதியானால் மின்விசிறிச் சத்தம் எவ்வளவு என்று ஜெகனுக்கு அன்றுதான் தெரிந்தது.

"யார் வெச்சது?"

விக்ரம் அறிக்கையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்.

"நான்தான்," என்றது கடைசி வரிசை. பூங்காவனம் அம்மாள் கைத்தடியை ஊன்றி எழுந்தார். "நான்தான் ஆளை விட்டு மாட்டச் சொன்னேன். மாப்பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. அவரு இதையெல்லாம் நம்பமாட்டாரு."

கூட்டம் முழுவதும் பின்னால் திரும்பியது. ஜெகன் மங்களத்தைப் பார்த்தான். மங்களம் விக்ரமைப் பார்த்துக்கொண்டிருந்தார். தப்பிக்க இதைவிட நல்ல கதவு கிடைக்காது. கன்னியப்பனும் பிழைத்தார், சுற்றறிக்கையும் பிழைத்தது. விக்ரம் சரி என்று உட்கார்ந்தால் போதும்.

அவர் உட்காரப் போனார். பாதி உட்கார்ந்தும்விட்டார். கடிகாரம் டொய்ங் என்றது.

விக்ரம் எழுந்து நின்றார். "இல்லைங்க அத்தை," என்றார். "நான்தான் மாட்டினேன். நாலு வாரமா. நானே வாங்கி, நானே மாட்டினேன்."

தணிக்கையாளர் கிருபாகரன் பேனாவைத் திறந்தார். "இதை மினிட்ஸ்ல எப்படி எழுதறது?"

கடைசியில் அவரே எழுதி வாசித்தார்: "வாகனத்தில் இருந்த பொருள் எலுமிச்சம்பழம் என்றும், அது தம்முடையது என்றும் செயலாளர் தெரிவித்தார். சங்கம் ஏற்றுக்கொண்டது. டிரைவர் கன்னியப்பன் வழக்கம்போல் வரலாம். சுற்றறிக்கை எண் 14 அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது." பிறகு பேனாவை மூடியபடி, வெறும் தகவலுக்காகக் கேட்பதைப் போல், "எந்தப் பக்கச் சக்கரம்?" என்றார்.

"இடது," என்றார் விக்ரம்.

இரண்டு மூன்று பேர் தலையை ஆட்டிக்கொண்டதை ஜெகன் குறித்துக்கொண்டான்.

பூங்காவனம் அம்மாள் வாசலில் மாப்பிள்ளையை நிறுத்தினார். ஐந்து மாதத்துக்குப் பிறகு பேச்சு. "வெள்ளிக்கிழமை ராத்திரியானா கையில எலுமிச்சம்பழ வாசனை. சமையல்கட்டுப் பக்கமே வராத ஆளு. எனக்குத் தெரியாதா?"

*

கேட் திறந்தது. வாட்ச்மேன், நேற்று மூடிய அதே கையால், சல்யூட்டும் அடித்தார். விக்ரம் நேரே கன்னியப்பனிடம் போய், நடந்ததை நடந்தபடி சொன்னார். கூட்டத்தில் பேசியதைவிட அதற்கு அதிக நேரம் ஆயிற்று.

"நீங்களா சார்?" கன்னியப்பன் மொபெட்டிலிருந்து இறங்கினார். "நான் பெரியம்மாவைப் போயி... நாலு வாரமா அவுங்க குடுத்த காப்பியக்கூடக் குடிக்காம செடிக்கு ஊத்துனேன் சார்."

"வீடியோவை எடுத்துட்டேன். மன்னிப்பும் போட்டுட்டேன், குரூப்ல."

"அது இருக்கட்டும். அந்தப் பழம் எங்க?"

மங்களம் பொட்டலத்தை நீட்டினார். கன்னியப்பன் அதை வாங்கி, இந்தத் தடவை வலது கையால் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். சாம்பல் நிறக் காரின் முன்னால் குந்தி, நம்பர் பிளேட்டுக்குக் கீழே கம்பியை இறுக்கி முறுக்கினார். தள்ளி நின்று பார்த்தார். கொஞ்சம் நேராக்கினார். பிறகு சக்கரத்துக்குள் கையை விட்டு, பிளக்கை அழுத்தினார். 'டக்' என்றது. விக்ரம் சாவியைத் திருகிப் பார்த்தார்; மஞ்சள் விளக்கு எரியவில்லை.

"இது கண்ணுல படணும் சார்," என்றார். "வெக்கப்பட்டா வேலைக்கே ஆவாது."

மணி ஆறரை ஆகியிருந்தது. ஜெகனும் மங்களமும் ஏறி உட்கார்ந்தார்கள். ஜெகன் சாவியைத் திருகினான். வண்டி இருமியது, குலுங்கியது, கேட்டின் நடுவில் போய் நின்றுவிட்டது. மறுபடி திருகினான். இருமல்கூட வரவில்லை.

கன்னியப்பன் ஜன்னலில் குனிந்தார். "இன்னா அண்ணாத்தே, விளக்கு எதுனா எரிஞ்சுதா?"

"ஒண்ணும் எரியலயே."

மங்களம் கையை நீட்டி ஸ்டிக்கர் பொட்டை உரித்தார். அடியில் விளக்கு ஜோராக எரிந்துகொண்டிருந்தது. ஜெகன் பொட்டை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

கன்னியப்பன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வண்டியின் முன்பக்கம் போனார். விக்ரமும் இன் பண்ணிய சட்டையோடு பக்கத்தில் வந்து நின்று தோள் கொடுத்தார். வண்டி மெல்ல உருண்டு, அடுக்ககத்துக்குள்ளேயே பின்வாங்கி, கழுவும் இடத்துக் குழாயடியில் நின்றது.

"காலைல மெக்கானிக் வரட்டும்," என்றார் கன்னியப்பன். மொபெட்டுக்குப் போய்ப் பத்துத் துணிகளுக்கு அடியில் துழாவினார். "எப்படியும் நாளைக்கு இங்க சாரோடதோட சேத்து பதினொரு வண்டி. இத்தோட பன்னண்டு." புதுத் துணி ஒன்றை உதறி, ஜெகன் வண்டியின் வைப்பரில் சொருகினார்.